ஆற்றைப் பார்த்த ஜன்னல்

இன்று காலை ரைஸ் குக்கரின் வயர் சூடாகி, பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து லேசாகப் பொசுங்கும் வாடை வந்தது. சுவிட்சை அணைக்க ஓடியிருக்க வேண்டும். நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அது எங்கள் டிவி கேமின் அடாப்டர் வாடை. முப்பது வருடம் கழித்தும் மூக்கு மறக்கவில்லை.

நான் கேம் ஆடியவள் என்றால் பலர் நம்புவதில்லை. நாற்பத்து மூன்று வயது, ஏழாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சர், கையில் ஜாய்ஸ்டிக்கா என்று சிரிப்பார்கள். பாலக்கோட்டில் எங்கள் தெருவில் முதலில் டிவி கேம் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். ஏதோ வெளிநாட்டு மெஷினைப் பார்த்துச் செய்த போலி. அப்பா சேலம் போனபோது வாங்கி வந்தார். ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாகக் கேசட்டின் மேல் எழுதியிருக்கும். உள்ளே இருந்தது இருபதோ என்னவோ. அதையே பெயர் மாற்றி, சட்டையின் நிறத்தை மாற்றித் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். ஏமாற்றுத்தான். ஆனாலும் அந்த ஏமாற்றில் ஒரு நேர்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வாங்கி வந்தால் அது நம்முடையது. ஓடவில்லையென்றால் கேசட்டை எடுத்து ஒரு ஊது ஊதிச் சொருகினால் ஓடும். இன்றைய கேம்கள் வாங்கிய அன்றே பாதி ஊரை டவுன்லோட் செய்யச் சொல்கின்றன. கம்பெனிக்காரன் கதவைச் சாத்திவிட்டால் மறுநாள் அது நம் கையில் இல்லை. நாம் வாங்குவது விளையாட்டையல்ல, விளையாட அனுமதியை.

என் தம்பி குமரேசன் என்னைவிட நான்கு வயது சின்னவன். முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் எனக்குத்தான். இரண்டாவதில் இடது பட்டன் வேலை செய்யாது, அது அவனுக்கு. அவன் ஆளால் வலது பக்கம் மட்டுமே ஓட முடியும். பள்ளம் வந்தால் திரும்பத் தெரியாமல் நேரே போய் விழுவான். "அக்கா, ஒரு தடவ மாத்திக்கலாங்க்கா" என்று கெஞ்சுவான். ஒருநாளும் நான் மாற்றிக்கொடுத்ததில்லை. அம்மாகூடச் சொல்லிப் பார்த்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மெஷினுக்கு ஞாபகம் கிடையாது. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நான் செய்த காரியத்துக்கு வேர் இதில்தான் இருக்கிறது. எவ்வளவு தூரம் போயிருந்தாலும் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? ஏழாவது கட்டத்தில் நிற்போம், டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணையும். வந்ததும் மறுபடி முதல் கட்டம், மூன்று லைஃப். அழுததில்லை. அழிவதுதான் விளையாட்டின் இயல்பு என்று பழகியிருந்தோம். அழிந்தால் மறுபடி ஆடு, சலித்தால் எழுந்து போ. இவ்வளவுதான் நான் கற்ற பாடம்.

குமரேசன் பெரியவனாகியும் கேமை விடவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்ததும் அவன் வாங்கிய முதல் பொருள் ஒரு கன்சோல், டிவியில் மாட்டி ஆடும் புதுக் காலத்து கேம் மெஷின். கல்யாணம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். என் மகள் ஹரிணி ஆறாம் வகுப்பு முடித்தபோது அவளுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு தருமபுரி வந்தான். என் வீட்டுக்காரர் முறைத்தார். "புள்ளைக்கு மாமன் சீர்ங்க மச்சான், வேணாங்காதீங்க" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்துவிட்டான்.

மாமனும் மருமகளும் சேர்ந்து ஆடியது சுடுகிற கேம் இல்லை. வெறும் நிலம் ஒன்று கிடைக்கும். அதைத் திருத்தி, பாதை போட்டு, வீடு கட்டி ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். அவன் பெங்களூரிலிருந்தபடி இன்டர்நெட் வழியாக அவளுடைய ஊருக்குள் வருவான். ஒகேனக்கல்லைக் கட்டப்போகிறோம் என்று இருவரும் பல மாதம் ஏதோ செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் சமையலறையிலிருந்து கேட்பேன். "மாமா, பரிசல் மலமேல ஏறுது!" என்று அவள் சிரிப்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு வந்துகொண்டிருந்தவன் பெங்களூர் ரோட்டில் லாரி மோதி இறந்தான். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

ஹரிணி பத்தாம் வகுப்பு வந்தாள். அரையாண்டில் மார்க் சரிந்தது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் அரைமணி நேரம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். கேம் ஆடுகிறாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பட்டனே அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர் மெஷினைத் தூக்கிப் பரணில் வைக்கச் சொன்னார். நான்தான் பெருமையாக மறுத்தேன். பறித்து வைத்தால் ஏங்குவாள், நானும் ஆடியவள், எனக்குத் தெரியும் இதற்கு வழி என்றேன். என் கணக்கு சுலபமானது. உள்ளே இருப்பதை அழித்துவிட்டால் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டிவரும். இரண்டு நாளில் சலித்துவிடும். எங்களுக்கு அப்படித்தானே சலித்தது?

ஒரு சனிக்கிழமை அவள் டியூஷன் போயிருந்த நேரம் மெஷினைப் போட்டேன். எல்லாவற்றையும் நீக்கவா என்று கேட்டது. ஆம். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. இந்தக் காலத்து மெஷின்கள் எவ்வளவு மரியாதையாகக் கேட்கின்றன என்று நினைத்தபடி அழுத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஹரிணி வந்தாள், போட்டாள், பார்த்தாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன். அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மாமா வூடு அதுலதாம்மா இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. எந்த வீடு என்றேன்.

"மாமா கட்டுன வூடு. அருவிக்குப் பக்கத்துல. நான் தினமும் போய் வெளிய நின்னுட்டு வந்துருவேன். உள்ளகூடப் போகமாட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். வாசலில் அவன் ஒரு பலகை நட்டிருந்தானாம். அதில், 'அக்காவுக்கு இங்கே இரண்டாவது ஜாய்ஸ்டிக்தான்' என்று எழுதியிருந்தானாம். அம்மாகிட்ட ஒருநாள் காட்டணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அவளும் காட்ட நினைத்திருந்தாளாம், பரீட்சை முடியட்டும் என்று.

இன்டர்நெட்டில் மாமாவின் கேம் கணக்கில் ஒரு நகல் இருக்கலாம் என்று ஹரிணிதான் சொன்னாள். அதற்குள் நுழைய அவனுடைய பழைய போன் நம்பருக்கு ஓடிபி போகும். யாரும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த நம்பர் எப்போதோ கைமாறியிருந்தது. கூப்பிட்டேன். மணி அடித்தது, அவன் எடுத்துவிடுவான்போல இருந்தது. கன்னடத்தில் ஒரு பெண் யார் வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் தொடங்கினேன். அவளே தமிழுக்கு மாறினாள்.

"குமரேசனுக்கா? மொதல்ல ரொம்பப் பேரு கேட்டாங்க. நான் அவரு இல்லேன்னு மட்டும் சொல்லுவேன். இப்ப ஒரு வருஷமா யாருமே கேக்கல."

ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். அன்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் ஓடிபிக்காகக் கெஞ்சினேன். தம்பி, ஆக்சிடென்ட், கேம், வீடு என்று நான் சொன்னது எனக்கே திருட்டுக் கதைபோல இருந்தது. அவள் போனை மூடிக்கொண்டு யாரிடமோ பேசினாள். பிறகு ஆறு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "கெடச்சா எனக்கும் சொல்லுங்கக்கா" என்றாள்.

கணக்கு திறந்தது. அவன் பெயர், அவன் வைத்திருந்த படம், கடைசியாக ஆடிய தேதி எல்லாம் இருந்தன. ஊர் இல்லை. அந்த ஊர் ஹரிணியின் மெஷினில் தொடங்கியது, அதனால் அங்கே மட்டுமே இருந்தது. கஸ்டமர் கேரில் பேசிய ஆள் மிகவும் பணிவாக வருத்தம் தெரிவித்தார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கன்னடத்துப் பெண்ணுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஹரிணி பரீட்சை எழுதினாள், நல்ல மார்க் வாங்கினாள். என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

போன வாரம் மத்தியானம் அவளாகவே மெஷினைப் போட்டாள். புதிய நிலம், நடுவில் ஓர் ஆறு. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை ஜாய்ஸ்டிக் கேட்கவில்லை. மாமா வீட்டைக் கட்டலாமா என்று மட்டும் கேட்டேன். அவள் தன் ஆளை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போனாள். நாலு சுவர் எழுப்பினாள். அதோடு நின்றுவிட்டாள்.

"ஜன்னல் ஆத்தப் பாத்து இருந்துச்சா, மலையப் பாத்து இருந்துச்சான்னு மறந்துபோச்சும்மா. நீ பாத்திருக்கல்ல?"

நாலு வருடம் அந்த ஊர் என் ஹாலில், என் டிவியில் இருந்தது. அதற்கு முன்னால் துவைத்த துணியோடும் காய்கறிப் பையோடும் எத்தனை முறை போயிருப்பேன். கண்ணு கெட்டுடும், தள்ளி உக்காரு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்த வீடு என் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். அருவி வரவில்லை, பலகை வரவில்லை. இரட்டைச் சடை போட்ட ஹரிணியின் பின்தலை மட்டும் வந்தது.

"ஆத்தப் பாத்துத்தான்" என்று சொல்லிவிட்டேன். அவள் அங்கேயே ஜன்னலை வைத்தாள்.