என்னை விடமாட்டோம் என்றார்கள்

எனக்காகப் பெற்றோர்கள் பள்ளிக்கூடக் கேற்றைப் பூட்டிப் போராட்டம் செய்தார்கள். இதைக் கேட்கிற எல்லோரும், நான் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். ஒரு ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றும் கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது இடமாற்றம். அதைத்தான் அந்தப் பெற்றோர்கள் தடுக்கப் பார்த்தார்கள்.

நான் கணித ஆசிரியை. வீடு வவுனியாவில். பள்ளிக்கூடம் ஜெயபுரத்துக்கும் அங்கால், வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில். முதல் வருடம் தினமும் போய் வந்தேன். விடியமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளைகள் எழும்புவதற்கு முன்பே வெளிக்கிட வேண்டும். ஆசிரியர்கள் சேர்ந்து பிடித்த வான் வண்டியில் மாங்குளம் வரை கண்ணை மூடிக்கொள்ளலாம். மல்லாவிப் பக்கம் திரும்பினால் குலுக்கலில் அதுவும் முடியாது. அதற்குப் பிறகு பஸ். பின்னேரம் இதே வழியால் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்தால் கோபம்தான் வரும். யார் மீது என்று தெரியாது. கையில் அகப்படுகிறவர்கள் பிள்ளைகள்தான்.

பிறகு உடம்பு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆசிரியையோடு ஒரு அறை எடுத்துத் தங்கினேன். திங்கள் போனால் வெள்ளிதான் வீடு. மகள் அப்போது நான்காம் வகுப்பு. மகன் முன்பள்ளிக்குக்கூடப் போகத் தொடங்கவில்லை.

பிள்ளைகளைப் பார்த்தவர்கள் என் கணவரும் அவருடைய அக்காவும். கணவருக்குக் கடை வேலை, இரவாகித்தான் வருவார். ஆகவே பார்த்தது மச்சாள்தான். மச்சாள் நல்லவர். ஆனால் வெள்ளிக்கிழமை நான் செருப்பைக் கழற்றும்போது மகளிடம், "விருந்தாளி வந்திட்டா, தேத்தண்ணி போடு பிள்ளை" என்று சொல்லிச் சிரிப்பார். முதல் தடவை நானும் சிரித்தேன்.

மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தால் நான் போக முடியாது. அதே நேரம் நான் ஜெயபுரத்துக்கு அங்கால் நின்று, பெற்றோர் கூட்டத்துக்கு வராத தாய்மாரை ஏசிக்கொண்டிருப்பேன். பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லையா என்று கேட்பேன். அது என் வேலை. சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

இடமாற்றம் கேட்டு எழுதத் தொடங்கியது மகனுக்குக் காய்ச்சல் வந்த பிறகு. சும்மா காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். செய்தி வந்ததும் பாடத்தை விட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வோட்டுக்குள் போய்ச் சேர நன்றாகப் பொழுதுபட்டுவிட்டது. பிள்ளையோடு ஒருவர்தான் நிற்கலாம் என்று தாதி சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "ஆர் அம்மா?" என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். மகன் மச்சாளின் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. தூக்கப் போனேன், கத்தினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். மச்சாள் நின்றார். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். யாரும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, எல்லோரும் சரியாகத்தான் நடந்தார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்ய வேண்டிய காலத்தை நான் எப்போதோ முடித்துவிட்டேன். ஆளைத் தெரிந்தவர்கள் அதில் பாதிக்காலமும் இருக்காமல் நகரத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு யாரையும் தெரியாது. கேட்கும்போதெல்லாம் பதிலாள் இல்லை என்ற ஒரே பதில்தான் வந்தது. நன்றாகப் படிப்பிக்காதவர்களை விடுவது லேசு, அவர்கள் போனால் யாரும் தேடமாட்டார்கள் என்று அறையில் கூடவிருந்த ஆசிரியை சொன்னார். பகிடியாகச் சொன்னார் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் அவர் சொன்னதுதான் நடைமுறை.

கடைசியில் இடமாற்றம் வந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாதாரணதரப் பொதுப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. நான் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் எந்த வருடம் போனாலும் ஒரு பதினோராம் வகுப்பு இருக்கும்.

போக இருந்த அன்று காலை, பக்கத்தில் தங்கியிருந்தபடியால் வெள்ளனவே பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம். பெற்றோர்கள் சங்கிலி போட்டுக் கேற்றைப் பூட்டிவிட்டார்கள். மற்ற ஆசிரியர்களும் பிள்ளைகளும் வெளியே. உள்ளே நானும் அதிபரும். எங்கள் கணித ஆசிரியையை மாற்றாதே என்று மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எழுதியது என் மாணவிகளில் ஒருத்தி, அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அதிபருக்குச் சந்தோசம். எனக்கு மாலை போடாததுதான் குறை என்றார். என் பயணப்பை கதிரைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை அவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

வெயில் ஏறிய பிறகு வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஒரு அதிகாரி வந்தார். அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். சோடா குடித்தார். பிறகு, மிகவும் தன்மையாகத்தான் சொன்னார்.

"ரீச்சர், நான் விரும்பித்தான் நிக்கிறன் எண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பிரச்சினை முடிஞ்சுது."

பதிலாள் எங்கே என்று கேட்டேன். ஆள் இல்லை என்றார். நகரத்துப் பள்ளிக்கூடங்களில் கணிதத்துக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அது வேறு விசயம் என்றார். மேலதிகாரியோடு அப்படிக் கதைத்துப் பழக்கம் இல்லை. "அது வேற விசயம் இல்லை சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிக் கேற்றடிக்குப் போனேன்.

முன்னுக்கு நின்றவர் பதினோராம் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையின் தாய். மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். வயல்களில் நாள்கூலிக்குப் போகிறவர். கூட்டங்களுக்கு வராததற்காக நான் ஏசிய தாய்மாரில் அவரும் ஒருவர். அன்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"டீச்சர், உங்க பிள்ளைங்களுக்கு வவுனியாவுல எத்தனையோ டீச்சர் இருக்காங்க. எங்க பிள்ளைங்களுக்குக் கணக்குக்கு நீங்க ஒரு ஆள்தான்" என்றார்.

"என்ர பிள்ளையளுக்கு அம்மாவும் ஒராள்தான்" என்றேன்.

பின்னால் நின்ற ஒருவர், அம்மா எங்கேயும் ஓடிப்போக மாட்டா, பரீட்சை போனால் போனதுதான் என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வோட்டில் நடந்ததை அந்தச் சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். வீட்டிலேயே நான் அதைப் பற்றிக் கதைத்தது கிடையாது. சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. ஆனால் அந்தத் தாய் தலை குனியவில்லை.

"நான் மட்டும் பிள்ளைங்களோட இருந்தா வளத்தேன்? விடிய வயலுக்குப் போனா இருட்டித்தான் வாறேன். பெரியவதான் சின்னதுங்களைப் பாக்குறா. சோறும் அவதான் ஆக்குறா. அதனாலதான் கேக்குறேன். அவளாச்சும் உங்களை மாதிரி ஒரு வேலை எடுக்கட்டும்."

"எடுத்து? என்னை மாதிரிக் கேற்றுக்குள்ள நிக்கவோ?"

இரண்டு தாய்மார் ஒரு சங்கிலிக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை பிடிக்கிறோம், சோடா குடித்தவர் விறாந்தையில் நிழலில் நின்று பார்க்கிறார். அன்று முழுக்க எனக்கு வந்த கோபத்தில் சரியான இடத்துக்குப் போன கோபம் அவர் மேல் வந்த அந்த ஒன்றுதான்.

விரும்பி நிற்கிறேன் என்று சொல்லமாட்டேன் என்றேன். பூட்டி வைத்தால் இங்கேயே இருப்பேன், ஆனால் வகுப்புக்குள் போகமாட்டேன் என்றும் சொன்னேன். சொன்னபடி செய்திருப்பேனா என்று தெரியாது. பிள்ளைகள் மதிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோர்கள் தள்ளிப் போய்த் தங்களுக்குள் கதைத்தார்கள். சத்தம் கூடியது, குறைந்தது. பிறகு அந்தத் தாய்தான் திறப்பு வைத்திருந்தவரிடம் வந்தார்.

"தெறந்து விடுங்க அண்ணே. அழுதுகிட்டுப் படிப்பிக்கிற டீச்சர் நமக்கு வேணாம்."

நான் அழவில்லை. வெயிலில் நின்ற முகம் அப்படித் தெரிந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் போய்வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. இரண்டு கிழமைக்குள் புது ஆசிரியர் வருவார் என்று அதிகாரி அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஒருவரும் வரவில்லை.

வவுனியாவில் என்னைப் போட்ட பள்ளிக்கூடம் பெரியது. கணிதத்துக்கு ஏற்கனவே தேவைக்கு மேல் ஆட்கள். எனக்குச் சுகாதாரப் பாடம் தந்தார்கள். ஓய்வறையில் சும்மா இருக்கிற பாடவேளைகளில் காட்டோரப் பள்ளிக்கூடத்தின் வெறும் கரும்பலகையை நினைப்பேன். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்கிறவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு எப்படிப் பங்கிடுவார்கள் என்று தெரியவில்லை.

வீட்டிலும் தேன் ஓடவில்லை. மகன் குளிக்க மச்சாளைத்தான் கூப்பிடுவான். நான் போனால் தண்ணீர் கூடக் குளிராக இருக்கிறது என்பான். மகளின் கொப்பிகளைத் திறந்து பார்த்தால் முகத்தை நீட்டுவாள். "நீங்கள் இல்லாமலும் நான் முதலாம் பிள்ளையா வந்தனான்" என்று ஒருநாள் சொன்னாள். மச்சாளுக்கும் இப்போது என்னோடு ஒரு மனத்தாங்கல். இவ்வளவு நாளும் தான் வளர்த்த பிள்ளைகளை நான் வந்து வாங்கிக்கொண்டேனாம். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், சமைக்கிறேன், தோய்க்கிறேன், ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வருகிறேன். களைப்பு அப்படியேதான் இருக்கிறது. பஸ் மட்டும் இல்லை. ஆனாலும் மகன் இப்போது பயந்து எழும்பினால் சில வேளைகளில் என்னையும் கூப்பிடுகிறான். அதற்காகத்தான் வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் போன் எடுத்தார். சுகம் கேட்கவில்லை.

"டீச்சர், கோவம் இருந்தா இருக்கட்டும். மகளுக்கு ஒரு கணக்கு வெளங்கலையாம்."

மகனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு முன் எடுக்க வேண்டாம், அதுவரைக்கும் என் பிள்ளைகளின் நேரம் என்று சொன்னேன். எட்டுக்குத் தனக்கும் வேலை இருக்கிறது, எட்டரைக்கு எடுக்கிறேன் என்றார். எடுத்தார். அவருடைய மகள் கேட்டாள், நான் சொன்னேன். பின்னால் வேறு பிள்ளைகளின் குரலும் கேட்டது. நாலைந்து பேராவது போனைச் சுற்றி இருந்திருப்பார்கள்.

இப்போது கிழமையில் இரண்டு நாள் எடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஒரு ஆளை அனுப்ப முடியாதவர்களின் வேலையை நான் குசினியில் அடுப்படியில் நின்று சும்மா செய்து கொடுக்கிறேன். சொன்னால் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் அடி, ஆள் அனுப்பாதவர்களுக்கு இல்லை. அதனால் இன்னும் சொல்லவில்லை. போன் அடித்தால் மகள்தான் முதலில் போய்ப் பார்ப்பாள்.

"அம்மா, உங்கட ஜெயபுரம் எடுக்குது" என்று கொண்டுவந்து தருவாள். சிரித்துக்கொண்டு தருவதில்லை.