தலைக்கு ஊத்தலீங்க

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவனாக இருந்தேன். கல்யாணமாகாத வயது. மேற்படிப்புக்காக மலையை விட்டு இறங்க முடியாததால் தபாலில் பாடம் படித்தேன். ஆங்கிலத்தில் விடை எழுதி அனுப்பினால் திருத்தி அனுப்புவார்கள்.

ஒரு நாள் காலை தலைச்சோலை கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். காப்பித் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. மேசையில் படுக்க வைத்தபோது தயங்கித் தயங்கி, "நான் இன்னும் தலைக்கு ஊத்தலீங்க" என்றார்.

"படம் எடுக்கக் குளிக்க வேண்டியதில்லம்மா, அசையாம படுங்க" என்றேன். முதல் படம் கலங்கியிருந்ததால் இன்னொன்றும் எடுத்தேன்.

அவர் போனபின் நர்ஸம்மாவிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, தூரமானாத்தானுங்க தலைக்கு ஊத்துவாங்க. மாசம் தள்ளிப் போயிருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்குது. முழுகாம இருக்குதாட்டத் தெரியுதுங்க."

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது. பிடித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? பாய்ந்த கதிரைத் திரும்ப எடுக்க முடியுமா?

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' என்னை விடவில்லை. தலைச்சோலைக்குத் தேடிப் போய் என்ன சொல்வதென்று தெரியாமல், போகாமலே இருந்துவிட்டேன். அவரும் மறுபடி வரவில்லை.

அந்த வாரமே திருத்திய விடைத்தாள் வந்தது. பெண்ணுக்கு இடுப்பில் படம் எடுக்குமுன் என்ன கேட்க வேண்டும் என்பது மூன்றாம் கேள்வி. கடைசியாக மாதவிலக்கு வந்தது எப்போது என்று கேட்க வேண்டும் என ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

நான் கேட்க மறந்த அந்தக் கேள்விக்கு அவர் தானாகவே பதில் சொல்லியிருந்தார். தமிழில்தான் சொன்னார்.