ஆட்டு ரத்தம் ஊற்றிய தட்டு

பொங்கல் விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்த திங்கட்கிழமை என் தோழி தன் ஆய்வேட்டுக்கான வேலையைத் தொடங்கினாள். எனக்கு நாள், கிழமை மறக்காது. கிருமி வளர்க்கும் தட்டில் தேதி எழுதாவிட்டால் அது யாருடையதாக இருந்தாலும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவாள் என்று வகுப்பில் எனக்கு ஒரு கெட்ட பெயரே உண்டு.

நாங்கள் அப்போது முதுகலை மருத்துவ நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு. ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசை. நான் திண்டுக்கல்லில் ஆசிரியர் வீட்டுப் பெண். அவள் வீட்டில் தோல் வியாபாரம். அவளுடைய தங்கைக்குச் சிறு வயதில் வந்த தொண்டை வலி இதயத்தில் போய் முடிந்திருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டைக்கு வந்தால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். சிலருக்கு அந்த எதிர்ப்பொருள் ஆள் தெரியாமல் இதய வால்வையே தாக்கிவிடும். நோயெதிர்ப்பியல் வகுப்பில் இது எங்களுக்கு ஒரு பாடம். அவளோ தங்கையைப் பென்சிலின் ஊசிக்கு அழைத்துப் போய்வந்தே அதைத் தெரிந்துகொண்டிருந்தாள்.

அதனால்தான் அந்தத் தலைப்பை எடுத்தாள். செம்பட்டிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில், தொண்டை வலி உள்ள பிள்ளைகளிடம் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கி, பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் துடைத்து, ரத்தமும் அகார் என்ற கடற்பாசிக் கூழும் கலந்து உறையவைத்த தட்டில் தேய்த்தாள். கிருமி இருந்தால், அது வளரும் இடத்தைச் சுற்றி ரத்தம் கரைந்து தெளிவான வளையம் விழும்.

ஒரு தட்டிலும் வளையம் விழவில்லை. பள்ளித் தலைமை சிஸ்டருக்குப் போன் போட்டு, “யாருக்கும் இல்லைங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டாள். எங்கள் கைடு மேடமும், “நெகட்டிவும் ரிசல்ட்தாம்மா. எழுதி முடி. சித்திரையில சப்மிஷன்” என்றார்.

மற்றவர்களாக இருந்தால் எழுதி முடித்திருப்பார்கள். நான் நிச்சயமாக முடித்திருப்பேன்.

“ஏடி, அம்புட்டுப் பிள்ளைகளும் தொண்டை வலிங்குது. ஒண்ணுல கூட வரலன்னா நம்புறியா?” என்று தோழி என்னிடம் கேட்டாள்.

“வைரஸா இருக்கும்டி. முக்காவாசி வைரஸ்தானே.”

“முக்காவாசி சரி. மிச்சம் எங்க போச்சு?”

மறுநாள் துறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸை எடுத்து, அதே தொகுதியில் மிச்சமிருந்த தட்டுகளில் தேய்த்துப் பார்த்தாள். அது அந்தக் கிருமிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதுவும் நோஞ்சானாக ஒட்டிக்கொண்டு கிடந்ததே தவிர, வளையம் போடவில்லை.

கோளாறு தட்டில்தான். எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. ரத்த வங்கியில் காலாவதியான பைகளை வாங்கி வந்து அகாரில் ஊற்றுவோம். ஊற்றிய தட்டுகளில் ஒன்றை எதையும் தேய்க்காமல் வெதுவெதுப்பான இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் எதுவும் முளைக்காவிட்டால் தட்டு நல்ல தட்டு என்று எடுத்துவைப்போம். முளைக்க வேண்டியது முளைக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. மனித ரத்தத்தில் இதே கிருமிக்கான எதிர்ப்பொருள் இருக்கலாம், கொடுத்தவர் சாப்பிட்ட மாத்திரையின் மிச்சமும் இருக்கலாம். ஒரு மனிதரைக் காப்பாற்ற உண்டானது எங்கள் தட்டில் கிருமியை அமுக்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் செம்மறி ஆட்டு ரத்தம் என்றுதான் போட்டிருக்கிறது. நாங்கள் எல்லோரும் அடிக்கோடிட்டுப் படித்த வரிதான்.

ஆட்டு ரத்தம் என்றதும், அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா, “இதுக்கா முழிக்கிற? கறிக்கடையில சொன்னா குண்டா நெறயத் தருவாங்க” என்றார். நான் அன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அதுல தோலு, கத்தி, கை எல்லாத்துல இருக்கறதும் சேந்து வரும் அத்தா. உசுரோட நிக்கிற ஆட்டுல ஊசி போட்டு எடுக்கணும்.”

“எடுத்துட்டு?”

“அது பாட்டுக்கு மேயப் போகும்.”

அத்தா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். “நம்ம வம்சத்துலயே ஆட்ட உசுரோட திருப்பி அனுப்புற மொத ஆளு நீதாம்மா.”

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆத்தூர் நீர்த்தேக்கத்துப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த இடத்துக்குப் போனோம். அவள் கேட்டுக்கொண்டபடி கால்நடை மருத்துவர் ஒருவரும் வந்திருந்தார். ஓர் ஆட்டின் கழுத்தில் ஒரு பக்கம் மயிரை மழித்து, துடைத்து, ரத்தத்தை எடுத்துக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் விட்டார். உறையாமல் இருக்க அதை நிறுத்தாமல் சுழற்ற வேண்டும்; தோழி சுழற்றினாள். கிடைக்காரர் செத்த நேரம் பார்த்துவிட்டு, “என்ன தாயி, மோரு கடையிறீகளா?” என்றார்.

“ஆமாண்ணே. வெண்ணெ திரண்டா ஒங்களுக்குத்தான்.”

உண்மையிலேயே திரண்டது. வெள்ளை வெள்ளையாக நார்கள் மணிகளைச் சுற்றிக்கொள்ள, குடுவையில் ரத்தம் நீராகவே நின்றது. கை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் நீட்டியபோது அவள் தரவில்லை.

திங்கட்கிழமை புதுத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துறையின் கிருமி வரிசையாக வளர்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் சுற்றி வளையம். அதன் வழியே வெளியே நின்ற வேப்பமரம் தெரிந்தது. நான் கைதட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது.

“அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு இல்லன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேனேடி.”

பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் பள்ளிக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. “போன தடவ இல்லன்னீங்களேம்மா?” என்று தலைமை சிஸ்டர் கேட்டார். “தப்புங்க சிஸ்டர். எங்க தட்டு சரியில்ல” என்றாள். சுற்றி வளைக்கவே இல்லை. சிஸ்டர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டார்.

வரிசையில் முதலில் நின்ற சிறுமி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். “குச்சிய விட்டா கொமட்டுதுக்கா. ஒங்களுக்குக் கொமட்டாதா?”

தோழி ஒரு குச்சியைப் பிரித்து என் கையில் கொடுத்து வாயைத் திறந்தாள். நான் விட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, முக்கால் வகுப்புக்குக் கேட்கும்படி குமட்டியது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் முரண்டு பண்ணவில்லை.

இந்தத் தடவை சில தட்டுகளில் வளையம் விழுந்திருந்தது. உறுதிப்படுத்தும் சோதனைகளை முடித்ததும் கைடுக்குக்கூடச் சொல்லாமல் முதலில் பள்ளிக்குத்தான் போன் போட்டாள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள் என்று சிஸ்டர் திரும்பச் சொல்லும்வரை ஆய்வேட்டில் ஒரு வரி எழுதவில்லை.

எழுதியபோது, வளையம் விழாத முதல் சுற்றையும் ஓர் அத்தியாயமாகவே சேர்த்தாள். மேடம் அதைப் படித்த அன்று நானும் அறையில் இருந்தேன்.

“இது எதுக்கும்மா? ரெண்டாவது சுத்து மட்டும் போதுமே.”

“எடுத்துட்டா அடுத்த பேட்ச்சும் அதே ரத்தத்தத்தான் ஊத்தும் மேடம்.”

“எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேப்பாரு, இம்புட்டு வருஷம் டிபார்ட்மென்ட் என்ன செஞ்சுச்சுன்னு.”

“கேட்டா சொல்லுவோம் மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தட்டுகள் சோதிக்கப்படலன்னு பொத்தாம்பொதுவா எழுதிருக்க. யார் சோதிக்கல? துறைன்னு போடு. அதுல நானும் இருக்கேன்.”

அவள் திருத்தினாள். அவர் கையெழுத்துப் போட்டார். எழுந்து போய், குளிர்பெட்டியில் மிச்சமிருந்த ரத்தப் பைகளை எல்லாம் தம் கையாலேயே எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, “அந்தக் கால்நடை மருத்துவர் நம்பரக் குடு” என்று அவளிடம் கேட்டார்.