பெருங்காயம் போட்ட மாவு

என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன். சாப்பிட அல்ல, நாங்கள் சுத்த சைவம். புனே பக்கம் ஆகுர்டியில் ஆறு நாள் லேத் மிஷின் முன்னால் நின்றவருக்கு ஏழாம் நாள் பவனா ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான். பிடித்த மீனின் வாயிலிருந்து முள்ளைப் பக்குவமாகக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். இது தெரிந்திருந்தால் கோயமுத்தூரில் என் மாமியார் வாசப்படியிலேயே நிறுத்தியிருப்பார். நான் என்னடாவென்றால் பிளாஸ்கில் காபியோடு கூடவே போவேன். இரைக்கு மாவு பிசைவதும் நான்தான். கோதுமை மாவில் பெருங்காயத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால்தான் மகசீர் வரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பொன் நிறச் செதில் வைத்த அந்தப் பெரிய கெண்டையைத் தவிர வேறு மீனை அவர் மதிக்க மாட்டார்.

இரண்டு வருஷம் நன்றாக வந்தது. பிறகு தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலம் முடிந்ததும் அடியோடு நின்றுபோனது.

"மீனெல்லாம் உஷாராயிருச்சு புள்ள" என்றார்.

நானும் நம்பியிருப்பேன். ஆனால் அந்த மாதம்தான் அவர் கையில் டம்ளர் டவராவோடு மோதிக் கடகடவென்று ஆடியதைப் பார்த்தேன். வலது கை. நூலளவு பிசகாமல் மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை. "மிஷின் அதிர்வு, தானா போயிரும்" என்றார். டாக்டர் என்று வாயெடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மீன்தான் வரவில்லையா, வந்த மீனைக் கைதான் விட்டுவிடுகிறதா? வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்பு.

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவர் உட்காருவார், பக்கத்துப் போபோடி ஊர்க்காரர், இவரோடு வேலை செய்பவர், வெறும் மாவிலேயே மீன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். ஒருநாள் என்னிடம், அண்ணி முறை வைத்து, இந்தியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாபி, நான் பிடிச்ச மீன் குழம்புக்குப் போயிடுது. நீங்க பிடிச்சது திரும்பத் தண்ணிக்குப் போகுது. வாய் கிழிஞ்ச மீனுக்கு உங்க மாவு வாசனை மறக்குமா?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியென்றால் கை நன்றாகத்தான் இருக்கிறது, குற்றம் பெருங்காயத்தின் மேல்!

அடுத்த ஞாயிறு அவருக்குச் சொல்லாமல் வெறும் மாவு பிசைந்தேன். ஜலதோஷத்தில் மூக்கடைத்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. முருகா, ஒரு மீன், ஒன்றே ஒன்று என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தூண்டில் கயிற்றில் மிதந்த தக்கை அமுங்கியது. முழுசாக உள்ளே போனது. அவர் சுண்டி இழுப்பதற்குள் கை ஒரு குதி குதித்தது, கழி பாறையில் இடித்தது, மீன் போய்விட்டது. மறுபடி அமுங்கியது. மறுபடியும் அதே. நான்காவது தடவை நான் தக்கையைப் பார்க்கவில்லை, அவர் கையை மட்டும் பார்த்தேன்.

"பொடி மீனு, நோண்டிட்டுப் போகுது" என்றார். நான் காபியை அரை டம்ளராக ஊற்றிக் கொடுத்தேன், சிந்தாமல் இருக்க.

அதற்கடுத்த வாரம் பெருங்காயத்தை இரண்டு பங்காகக் கரைத்து ஊற்றினேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு மீனும் கிட்டே வராமல் இருந்தால், மீன் உஷாராகிவிட்டது என்று அவர் நிம்மதியாக இருப்பார் அல்லவா?

கரையில் உட்கார்ந்து மாவை உருட்டியவர் மூக்கருகே கொண்டுபோனார்.

"பெருங்காயம் தூக்கலா இருக்குது."

"ஆமாங்க."

"போன வாரம் போடலயா? அதான் தக்கை அப்படி அமுங்குச்சா?"

நான் பிளாஸ்கைத் திறந்து காபியை அரை டம்ளராக ஊற்றினேன். அவர் உருண்டையை முள்ளில் கோக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்தார். அது அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு லீவு சொல்லிர்றேன்" என்றார். "எந்த டாக்டருன்னு நீயே பாரு."