குழலில் தங்கிய உண்டை

என் அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோரையும் எங்கள் வீட்டில் அவளுடைய வலது பக்கமாகவே உட்கார வைப்பார்கள். நாற்காலிகள் முந்தின நாளே அதற்கேற்றபடி போடப்பட்டுவிடும். இடது பக்கத்தில் நான் நிற்க வேண்டும். அதுதான் எனக்கு இட்ட வேலை. உட்கார்ந்திருக்கும் அத்தையின் கழுத்து உயரத்துக்கு நான் சரியாக வளர்ந்திருந்தேன். அவளுடைய இடது காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வழியாகத் தோளுக்குள் இறங்கும் ஒரு தழும்பு உண்டு. கழுத்து மூடிய சட்டையும் முந்தானையும் மறைத்ததுபோக மிச்சத்தை நான் மறைத்தேன்.

அது எப்படி வந்தது என்று அந்த நாள்வரை எனக்கும் தெரியாது. கேட்டால் அம்மா, "கஞ்சி கொட்டினது" என்பாள். அத்தை ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் அப்பாவின் தங்கை. மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவளோடு படித்தவர்களின் பிள்ளைகளே அவள் வகுப்பில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள்.

கொட்டாரம் ஊருக்குச் சற்று வடக்கே, வயலைப் பார்த்தபடி எங்கள் வீடு. இரணியல் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வருகிறது, மாப்பிள்ளை காட்டிலாகாவில் ரேஞ்சர் என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் செய்து தகர டப்பாவில் அடைத்துப் பரண்மேல் வைத்தாள், எனக்கு எட்டாதபடி.

வாடகை மோட்டாரில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மாள் வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். மகன் ஒற்றைக்கு நின்று ஆனையை விரட்டியது, துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது எல்லாம் அப்பாவுக்குச் சொல்லப்பட்டது. ரேஞ்சரோ தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காட்டில் பேச ஆள் கிடைக்காமல் பேச்சே மறந்துபோனவர் போலிருந்தார். ஆனையை விரட்டிய முகமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இடுப்பில் தோலுறை இருந்தது. அதற்குள் கைத்துப்பாக்கி.

அப்பா ஜெபம் செய்தார். அத்தை ஒரு கீர்த்தனை பாடினாள். நான் என் இடத்தில் நின்றேன். பிறகு அத்தை உள்ளே போனதும் பேச்சு நின்றுபோனது. பேச்சை வளர்ப்பதற்காக அப்பாதான், "அது ஆறு தோட்டா போடுகதா?" என்று தோலுறையைக் காட்டிக் கேட்டார்.

"எடுத்துக் காட்டேன் மக்கா. நாமளும் ஒரு வெடி கேப்போமே" என்றாள் அவருடைய அம்மா.

"இது விளையாட்டுச் சாமான் இல்லம்மா."

"ஆமா, பின்ன எதுக்கு இடுப்பில கெட்டிக்கிட்டு நடக்க?"

அவர் எழுந்துவிட்டார். எல்லோரும் பின்முற்றத்துக்கு வந்தோம். வயல் அறுத்துக் காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கத்து மண்மதில் மேல் அப்பா ஒரு அழுகல் தேங்காயை வைத்துவிட்டு ஓடி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ரேஞ்சர் விலகிப்போகச் சொன்னார். அவர்கள் போய் அவருக்குப் பின்பக்கத்து வேலியோரம் கூடினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

பொத்தென்று ஒரு சத்தம். பனம்பழம் சேற்றில் விழுந்தால் கேட்குமே, அவ்வளவுதான். தேங்காய் அசையவில்லை. மதிலில் மண்கூட உதிரவில்லை. வேலியோரம் பிள்ளைகள் கெக்கலிகொட்டிச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார், பாதியில் நினைவு வந்து இருமலாக மாற்றினார்.

"என்ன மக்கா, இது சீனிவெடியா?" என்று அவருடைய அம்மாவே கேட்டுவிட்டாள்.

ரேஞ்சரின் காது மடல்கள் சிவந்தன. துப்பாக்கியின் குதிரையை மறுபடி பின்னுக்கு இழுத்துக் கையை நீட்டினார்.

"ஐயோ, வேண்டாம்! அடுத்த வெடி வைக்காதீங்க!"

அடுக்களை வாசலிலிருந்து அத்தை ஓடி வந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இப்படி ஓடி வந்து நான் கண்டதில்லை. முந்தானை தோளிலிருந்து நழுவியிருந்தது.

"உண்டை வெளிய வரல்ல. குழலுக்குள்ளதான் நிக்குது. அடுத்த உண்டை அதுல போய் இடிச்சா குழல் வெடிச்சிரும்."

அவர் விரல் விசையில் இருந்தது. அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு அசையாத தேங்காயைப் பார்த்தார். விரலை எடுத்து, பெருவிரலால் குதிரையை மெல்லப் பிடித்து இறக்கினார்.

"மண்ணைப் பாத்துப் பிடியுங்க. உடனே திறக்காதீங்க, கொஞ்சம் பொறுக்கணும்" என்றாள் அத்தை.

அவர் அப்படியே செய்தார். அவர் முகத்தில் இருந்த சிவப்பு முழுவதும் வடிந்துபோயிருந்தது.

"பொம்பளைப்பிள்ளைக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று அவருடைய அம்மா கேட்டாள். நான் அவசரமாக என் இடத்துக்கு, அத்தையின் இடப்பக்கத்துக்கு, ஓடினேன். அத்தை என் தோளைப் பிடித்து மெல்ல விலக்கி நிறுத்தினாள்.

"எங்க அப்பா நாட்டுத் துப்பாக்கி வச்சிருந்தாவ. மலையடி விளையில மரச்சீனிக் கிழங்கு திங்கக் காட்டுப்பன்னி இறங்கும். ஒருநாள் வெடிமருந்து நனைஞ்சுபோச்சு. முதல் வெடி இதே மாதிரிதான் பொத்துன்னு கேட்டுது. அப்பா சிரிச்சாவ. உண்டை போகல்லன்னு தெரியாம மேலயே மருந்து இடிச்சு ரெண்டாம் வெடி வச்சாவ. ரெண்டு விரலு போச்சு. நான் பக்கத்தில நின்னேன்." சட்டையின் கழுத்தை அவளே விரலால் இறக்கிக் காட்டினாள். "அந்தச் சத்தம் எனக்கு மறக்காது."

அடுக்களைக்குள் அம்மா, "போச்சு, எல்லாம் போச்சு" என்று சொல்வது வெளியே கேட்டது.

அந்த அம்மாள் தழும்பைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லல்லியே நீங்க" என்றவள் மகனிடம், "எழும்பு... ம், வா, போலாம்" என்றாள். அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"எப்பிடிம்மா போக? குண்டு உள்ள இருக்கச்சில இதை இடுப்பில கெட்டிக்கிட்டு மோட்டாரில ஏற முடியாது. எடுத்துட்டுத்தான் வரணும்."

வந்ததிலிருந்து அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

அந்த அம்மாள் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அப்பா எதிரே உட்கார்ந்து நெல் விலையைப் பற்றிப் பேசினார், தன்னோடு தானே. பின்வாசல் தாழ்வாரத்தில் பனம்பாயை விரித்து ரேஞ்சர் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி அத்தை. எண்ணெய்க் கிண்ணத்தோடு நடுவில் நான். என்னை அங்கே உட்காரச் சொன்னது அம்மா. இரண்டு பேரும் தனியாக இருக்கக் கூடாதாம்.

அவர் துப்பாக்கியை ஒடித்துத் திறந்தார். தோட்டாக்கள் துள்ளிப் பாயில் விழுந்தன. நல்ல தோட்டாக்களை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, சுட்டதை மட்டும் உள்ளங்கையில் தட்டினார். மழைக்காலச் சீனிபோல மருந்து கட்டிகட்டியாகக் கொட்டியது.

"இந்த மழைக்கு முழுக்கக் காட்டுக் குடிலில்தான் கிடந்தது. புதுசு மாத்தியிருக்கணும்" என்றார்.

குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்துவிட்டு எனக்கும் காட்டினார். மறுபக்கம் தெரியவில்லை. கண்ணை மூடினதுபோல இருட்டு.

"கம்பி வச்சுக் குத்தினா உள்ள கீறிப்போகும்" என்றார்.

அத்தை எழுந்துபோய் புட்டுக்குழலில் புட்டைத் தள்ளுகிற மரக்கம்பை எடுத்து வந்தாள். அம்மா அடுக்களைக்குள் நெஞ்சில் கை வைத்தது எனக்குத் தெரிந்தது. அவர் கம்பை வாங்கிப் பேனாக்கத்தியால் நுனியைச் சீவினார். அது மெலிகிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அத்தை குழலின் வாய் வழியாகத் தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். எண்ணெய் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"ரொம்ப நொந்துதா?" என்று கேட்டார் அவர். குழலைப் பார்த்தபடிதான் கேட்டார்.

"அப்போ நொந்துது. இப்போ இல்ல. பாக்குறவங்க முகம் மாறுமே, அப்பத்தான் நோவும்."

அவர் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். முகம் மாறுகிறதா என்று நானும் பார்த்தேன். மாறவில்லை.

கம்பைக் குழலின் வாயில் விட்டு, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார். ஒன்றும் அசையவில்லை. அத்தை இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். மறுபடி தட்டினார். திடீரென்று கம்பு சரக்கென உள்ளே இறங்கியது. பின்பக்கத்திலிருந்து எண்ணெய் பூசின, காக்காப்பொன் நிறத்தில் மினுங்கின ஒரு உண்டை உருண்டு வந்து பாயில் விழுந்தது. நெல்லிக்காயின் கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியதுதான் இருக்கும். இவ்வளவு சின்னதா ஒரு கையைப் பிய்க்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அது உருண்டு அத்தையின் கால் பக்கமாக வந்தது. அத்தை முந்தானையைச் சரிசெய்கிறவள்போல அதன்மேல் போட்டாள். அவர் அந்த முந்தானையையே ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பை வெளியே இழுத்து, துடைத்து, மறுபடி குழலுக்குள் விட்டார்.

"எடுத்தாச்சா?" என்று கூடத்திலிருந்து அவருடைய அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. நல்லா இறுகிக் கிடக்கு. இன்னும் எண்ணெய் விடணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தே, அது..." என்று தொடங்கினேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"ஏட்டி, எண்ணெயை ஒழுங்காப் பிடி."

அத்தை எண்ணெய் விட்டாள். அவர் தட்டினார். காட்டில் மழை பெய்தால் அட்டை எப்படிக் காலில் ஏறும் என்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எப்படி "ழ" சொல்லும் என்று அத்தை சொன்னாள். அவர் சிரித்தார். பின்னேரத்து வெயில் தாழ்வாரத்தில் ஏறி, பாயைக் கடந்து, சுவருக்குப் போய்விட்டது. கிண்ணத்தில் எண்ணெய் தீர்ந்தது. காலியான குழலை அவர்கள் அதற்குப் பிறகும் விடவில்லை.

மோட்டார்க்காரன் இரண்டு தரம் கொம்பு ஊதின பிறகுதான் அவர் எழுந்தார். போகும்போது அந்த அம்மாள் முகங்கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. முந்திரிக்கொத்தைத் தொடவும் இல்லை. அன்றைக்கு அம்மா அத்தையைத் திட்டின திட்டு கொஞ்சமில்லை. பிறகு பல நாள் எங்கள் புட்டில் துப்பாக்கி மருந்து மணப்பதாக அப்பா முகஞ்சுளித்தார்.

அடுத்து வந்த ஐப்பசி மழைக்காலம் முழுக்க ஒரு தகவலும் இல்லை. அம்மா வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் அவர் காட்டிலிருந்து இறங்குகிற ஞாயிறுகளில் எங்கள் கோயிலின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். இரணியல் பக்கம் அவர்களுக்குச் சொந்தக் கோயில் இல்லையா என்று ஜனங்கள் கேட்டார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து அவருடைய அம்மா தானே வந்து, இந்தப் பெண்தான் வேண்டும் என்றாள். மகன் சாப்பிட மறுத்துவிட்டானாம். கல்யாணத்தன்று அத்தையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிற்காலத்தில் அந்த அம்மாள், "நான் பாத்த உடனே சொன்னேன், இதுதான் தைரியமுள்ள பிள்ளைன்னு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அத்தை ஒருபோதும் அதை மறுத்ததில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அவர்கள் வந்துபோன அந்த அந்தியில், குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட்டிருந்தோம். வீடு சாவு வீடுபோல இருந்தது. சின்னப்பிள்ளையின் ஜெபம் கேட்கப்படும் என்று அப்பா என்னை ஜெபிக்கச் சொன்னார். எனக்கு அந்த ரேஞ்சரை நினைத்துத்தான் மனது கஷ்டமாக இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, உரக்க ஜெபித்தேன்:

"ஆண்டவரே, அந்த ரேஞ்சருக்கு நல்ல கண்பார்வை தாரும். பக்கத்தில விழுந்த குண்டே அவருக்குத் தெரியல்ல. காட்டில புலி வந்தா அவரு என்ன செய்வாரு?"

பக்கத்தில் அத்தையின் தோள் முக்காட்டுக்குள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து, ஆமென் சொல்லக்கூட முடியாமல் நானும் அழுதுவிட்டேன்.