அட்டையில் எழுந்த கேங்மேன் குவார்ட்டர்ஸ்

முதலில் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். அப்புறம் ஜன்னல் கம்பி. அதற்கப்புறம்தான் ரயில் சத்தமே வரும்…

சேரன்மகாதேவி பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய கேங்மேன் குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்குத் தண்டவாளப் பராமரிப்பு வேலை. ஒரே வரிசையில் நாலு வீடு, எல்லாம் ஒரே மஞ்சள்.

ரயில் வரும்போது அங்கே யாரும் கத்திப் பேச மாட்டோம். பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவோம். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்தில் இருந்து தொடர்வோம். சண்டைக்கும் அதே சட்டம்தான்.

அப்பாவுக்கு மாற்றல் வந்து திருநெல்வேலிக்கு வந்த பிறகு அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. அம்மாவுக்கு அதுதான் தீராத குறை.

காலேஜ் முதல் வருஷ லீவில் யூடியூபில் மாடல் ரயில்வே வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பைத்தியமே பிடித்துவிட்டது. எங்கள் வீட்டைச் செய்யணும், அம்மா அதைப் பார்த்து "நம்ம வீடு" என்று சொல்லணும்… அவ்வளவுதான் ஆசை.

அட்டை, ஃபெவிகால், ஐஸ் குச்சி. பாதி வேலையில் அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, கூரை மேல என்னது அது?"

"புகைபோக்கி."

"நம்ம வீட்ல அது எங்கன இருந்துச்சு? வெள்ளைக்காரன் வீடியோவ பாத்து அப்படியே செஞ்சு வச்சிருக்கியே. சேரன்மாதேவி குளிருக்கு அம்மா தீ மூட்டுனாளாக்கும்?"

பிய்த்து எறிந்தேன். மஞ்சள் அடித்தேன். கேலி பேசியவனே உட்கார்ந்து வாசல் முருங்கையைச் செய்து கொடுத்தான். சுற்றிலும் தண்டவாளம் போட்டு, திருவிழாக் கடையில் வாங்கிய பேட்டரி ரயிலையும் வைத்தோம்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். அண்ணன் பைய ரயிலை ஓட விட்டான்.

"முருங்கை இன்னும் கொஞ்சம் தள்ளிலா நிக்கும். பக்கத்து வீட்டு அக்கா வந்து காய…"

நிறுத்திவிட்டாள்.

ரயில் வளைந்து வீட்டுப் பக்கம் வந்திருந்தது. கொசு மாதிரி ஒரு ரீங்காரம். ஒரு டம்ளர்கூட நடுங்கவில்லை. ஆனாலும் மூன்று பெட்டியும் வீட்டைத் தாண்டும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை.

"…பறிச்சிட்டுப் போவா."

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நம்ம வீடு" என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

இப்போது இருக்கும் வீட்டுப் பக்கம் ரயிலே கிடையாது. எல்லோரும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிடுகிறோம்…

மாடல் மட்டும் டிவி பக்கத்தில் இருக்கிறது. அண்ணனோடு சண்டையில் நான் தோற்கிற மாதிரி இருந்தால் ரயில் சுவிட்சைத் தட்டிவிடுவேன். அவன் நிறுத்தித்தான் ஆகணும்.