ஊருக்குப் போய்வரச் சொன்னேன்

ஒரு பெண்ணைப் பொய் சொல்லி என் வீட்டை விட்டு அனுப்பினேன். போன இடத்தில் அவள் இன்று உயிரோடு இருக்கிறாளா இல்லையா... எனக்குத் தெரியாது.

இதை நான் கணவரிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பாதிதான் சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல வாய் வருகிறது.

நான் எட்டாவது வரை படித்தவள். மணப்பாறைப் பக்கம் பிறந்து, வாக்கப்பட்டு டில்லிக்கு வந்து முப்பது வருஷமாகிறது. அவருக்கு ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஆர்.கே.புரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அதற்கு மேலே மொட்டைமாடியில் தனியாக ஓர் அறை. பெண் பெயரில் பதிந்தால் இங்கே பதிவுச் செலவு குறையும் என்று வீட்டை என் பெயரில் வாங்கினார். ஆகவே எந்தக் காகிதமானாலும் என் கையெழுத்துதான். பழியும் என்னுடையதுதான்.

அந்த மாடி அறைக்குக் குடிவந்தவள் அச்சோல். தெற்கு சூடானிலிருந்து நர்சிங் படிக்க வந்தவள். எங்கள் தமிழ்ப் பூசைக்கு முந்தின ஆங்கிலப் பூசையில் அவளைப் பார்த்திருக்கிறேன். நெடுநெடுவென்று உயரம். எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைவாள். ஆறு வாரம் அறை தேடி யாரும் தராமல், கோயில் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் கூட்டிவந்தேன். அந்த ஒரு நல்லதைச் செய்தேன்... அதைச் சொல்லிக்கொள்ளவும் இப்போது கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வருஷம் இருந்தாள். இந்தியில் பாதி, இங்கிலீஷில் பாதி பேசுவாள். நானும் அப்படித்தான். அவள் பேசியதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒரு மே மாதம் கரண்ட் போய்விட்டது. நான் புகார் நம்பருக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் கொட்டித் திட்டிக்கொண்டிருந்தேன். அச்சோல் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். என்னடி சிரிப்பு என்று கேட்டேன்.

"திரும்பி வரும்னு உங்களுக்குத் தெரியும் ஆண்ட்டி. அதான் கோபம் வருது. எங்க நாட்டுல கரண்ட்டுக்காக யாரும் கோபப்பட மாட்டாங்க."

எனக்கு அது புரிய வெகுநாள் ஆயிற்று. தண்ணீர் வரவில்லை, புகை, தூசி, ரேஷனில் வரிசை என்று முப்பது வருஷமாகக் குறை சொல்லியே வாழ்ந்தவள் நான். குறை சொல்ல எனக்கு ஆபீஸில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். எரிந்து விழுவான், நாளைக்கு வா என்பான். ஆனால் நாளைக்கும் இருப்பான்! அது எவ்வளவு பெரிய வரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அவளுடைய நாடு, நாடுகளிலேயே வயதில் சின்னது. கொடி ஏற்றிய அன்று அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா தெருவில் ஆடினாளாம். இரண்டே வருஷத்தில் தங்களுக்குள் சண்டை. "என் நாடு எனக்குத் தங்கச்சி மாதிரி ஆண்ட்டி" என்பாள். "அதை நான்தான் தூக்கிட்டு நடக்கணும். அது என்னைத் தூக்காது." குழந்தைதானே, வளர்ந்துவிடும் என்றேன் நான். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்...

டில்லித் தமிழர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை உண்டு. ஊர். வேலை போனால் ஊருக்கு. உடம்பு முடியவில்லையென்றால் ஊருக்கு. மாமியாரோடு மனஸ்தாபமா, பத்து நாள் ஊருக்கு. ரயில் டிக்கெட் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர் அங்கேயே இருக்கும். நான் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அச்சோல் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் என்றால் கன்ட்ரியா என்று ஒருநாள் கேட்டாள். இல்லை, ஊர் என்றால் ஊர்தான் என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

வருஷா வருஷம் அவள் விசாவை நீட்டிக்க வேண்டும். இவள் என் வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட காகிதமும், வீட்டுப் பத்திரத்தின் நகலும் கேட்பார்கள். இரண்டு முறை கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது என் மகள் ஜெனிபருக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருச்சியிலிருந்து மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. அதைக் கொண்டுவந்த சம்மனசு அக்கா, எங்கள் கோயில்காரி, காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"பொண்ணு பாக்க வர்றவுக முதல்ல வீட்டத்தான்டி பாப்பாக. மாடியில அந்த ஒட்டகச்சிவிங்கி நடமாடுனா என்னான்னு நினைப்பாக? நம்மளையே கறுப்பி, மதராசிங்கிறான் இந்த ஊர்க்காரன். அதுல இது வேறயா?"

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்! இதே டில்லியில், பஸ்ஸில், காய்கறிக் கடையில், 'காலி மதராசி', கறுத்த மதராசி என்று எத்தனை முறை என் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வலி தெரிந்தவள்தான் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அச்சோல் காகிதத்தோடு வந்தாள். பேனாவையும் மூடி திறந்து கையில் வைத்திருந்தாள்.

வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது, கடனுக்காக வாங்கி வைத்திருக்கிறார்கள், திரும்பி வர இரண்டு மாதமாகும், பத்திரம் இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாதாம் என்றேன்.

பத்திரம் அவள் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது.

அவள் முகம் வாடியதைப் பார்த்து, தேன் தடவியது போல் இன்னொன்றும் சொன்னேன். "நீயும் ஊருக்குப் போயிட்டு வாயேன். இப்பத்தான் சண்டை நின்னு ஒப்பந்தம் போட்டாச்சுன்னு சொன்னியே. அம்மாவப் பாத்துட்டு, புது விசா எடுத்துட்டு வந்துரு."

அவள் என்னையே பார்த்தாள். "எங்க ஊர் எரிஞ்சுபோச்சு ஆண்ட்டி. நாடு மட்டும்தான் இருக்கு."

அவளே பேனாவை மூடினாள். "அச்சா, ஆண்ட்டி" என்று சொல்லி மாடிக்குப் போனாள். காகிதம் கொடுத்தாயா என்று சாயங்காலம் அவர் கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

அதன்பின் பன்னிரண்டு நாள் வேறு அறை தேடினாள். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கெடு நெருங்கியது. கெடு தாண்டி இருந்தால் தண்டனை, மறுபடி வரவே விடமாட்டார்கள் என்று பயந்து டிக்கெட் எடுத்துவிட்டாள். படிப்பில் ஒரு வருஷம் பாக்கி. படிப்பு முடிந்து போகிறாள் என்று அவரிடம் சொன்னேன்.

புறப்பட்ட அன்று பொடி தடவிய இட்லி பன்னிரண்டு கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் ரயிலில் மணப்பாறைக்குப் போகிறவளுக்குக் கட்டுவதுபோல்! என் மனசாட்சிக்கு நான் கட்டிய பொட்டலம் அது. அவள் குனிந்து என் நெற்றியில் சிலுவை போட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி நன்றாயிருக்கிறது என்றார்கள். ஜெனிபரைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். மாடிப்படி எந்தப் பக்கம் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

முதல் இரண்டு மாதம் அச்சோல் போன் செய்தாள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும், அந்த ஆபீஸ் ஒருநாள் திறந்தால் பத்து நாள் பூட்டிக்கிடக்கிறது என்றாள். ஜன்னலில் இருந்த ஆளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, அவர் மாடு மேய்க்கப் போய்விட்டார் என்று சொல்லிச் சிரித்தாள். அம்மா இருக்கும் முகாமுக்குப் போய்க் காத்திருக்கிறேன் என்றாள். பிறகு அந்தப் பக்கம் மறுபடி சண்டை என்று கேள்விப்பட்டேன். அதன்பின் போன் இல்லை. நான் அனுப்பிய செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

போரை நானா மூட்டினேன்? இல்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்... இதே பொய்யை ஒரு தமிழ்ப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊருக்குப் போய் இரண்டு மாதம் அம்மா கையால் சாப்பிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே அடுத்த ரயிலில் திரும்பியிருப்பாள். இங்கே சின்னப் பொய் சின்னதாகவே இருக்க எத்தனையோ பேர் தாங்கிப் பிடிக்கிறார்கள். அங்கே தாங்க ஆளில்லை. அடுத்த ரயில் இல்லாத இடத்துக்கு நான் அவளை அனுப்பினேன்.

சாமியாரிடம், ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். மூன்று முறை அருள் நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அவர் மன்னித்தது பொய்யை. அந்தப் பொய் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாதே! தெரிந்தால் மன்னிக்க மாட்டாரோ என்ற பயத்தைவிட, மன்னித்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு அதிகம்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தேன். அவர் ஸ்கூட்டர் எடுக்கப் போயிருந்தார். அச்சோலோடு படித்த ரெபேக்கா, அவளும் அந்த நாட்டுக்காரி, ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சேதி எதுவும் இல்லை என்றாள். முகாமில் இருந்தவர்கள் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள் என்று சிலரும், தாண்ட முடியவில்லை என்று சிலரும் சொல்கிறார்களாம்.

"அச்சோல் உங்களைப் பத்தியே பேசுவா ஆண்ட்டி. பாவம், பத்திரம் பேங்க்ல மாட்டிக்கிச்சு, இல்லன்னா ஆண்ட்டி உடனே கையெழுத்துப் போட்டிருப்பாங்கன்னு. அது திரும்பி வந்துடுச்சா?"

அப்போது சொல்லியிருக்கலாம். கூட்டம் கலைந்துவிட்டது. அவர் இன்னும் வரவில்லை. அந்தப் பெண்ணின் கை என் கைக்குள் இருந்தது.

"இன்னும் வரலம்மா" என்றேன்.

"வந்துடும் ஆண்ட்டி. நான் தினமும் வேண்டிக்கிறேன்" என்றாள்.